விக்ராந்த்: இல்லாத இடத்தில் இருந்த கப்பல்

1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்ட காஜி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல், இந்தியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் நுழைந்தது. அது தேடி வந்தது இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. அத்தனை தொலைவு வந்து போரிடத்தக்க நீர்மூழ்கி பாகிஸ்தானிடம் அது ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றையும் தன்பால் ஈர்த்துக்கொண்டதையே விக்ராந்தின் முதற் போர்ப்பணி என நாம் கொள்ளலாம்.

காஜி தேடிய இடத்தில் விக்ராந்த் இல்லை. அந்தமான் தீவுகளில், ஒதுக்குப்புறமான நங்கூரத் துறையொன்றில் மறைந்திருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணனோ விசாகப்பட்டினத்தில் ஒரு பொய்க் கப்பலைச் செய்திகளாலேயே கட்டி எழுப்பினார். ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தின் பெயரில் கம்பியில்லாச் செய்திகளை ஓயாது அனுப்பிற்று. பெருங்கப்பல் ஒன்றின் மாலுமிகளுக்குப் போதுமான இறைச்சியும் காய்கறியும் நகரத்து ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கப்பட்டன. ஊர் பேசும், ஒற்றர் கேட்பர் என்பது கணக்கு. விக்ராந்தின் மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நலம் விசாரிப்பதாக மறைகுறி இல்லாத செய்தி ஒன்றும் போயிற்று. (கதை எழுதுவோர் பொறாமைப்படத்தக்க நுணுக்கம்!) டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. உள்வெடிப்போ, தானே விதைத்த கண்ணிவெடியோ என்பது பாகிஸ்தான் தரப்பு. 90-க்கும் மேற்பட்ட மாலுமிகளில் ஒருவரும் மீளவில்லை.

விக்ராந்தை இவ்வளவு பொத்திக் காத்ததற்குக் காரணம் உண்டு. 1961-இல் படையில் சேர்ந்த அக்கப்பல், 1965 போரின்போது பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்தது. 1971-இலோ அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல். இது சிறு குறையன்று. குறுகிய தளத்திலிருந்து விமானம் எழும்ப, கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தோட வேண்டும். காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் கூடியே இறக்கைகளைத் தூக்குகின்றன. கொதிகலன் குன்றினால் அவ்வேகமும் குன்றும். ஆபத்து மிகுந்த மேற்குக் கடலை விடுத்து, எதிரியின் கடற்படை மெலிந்திருந்த கிழக்குக்கு அதை அனுப்பியது தக்க முடிவென்றே நமக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. தொடர்ந்து குல்னா, மங்ளா. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படையைப் பெரும்பாலும் இந்திய நிலமே சூழ்ந்திருந்தது. அகலத் திறந்திருந்த வாயில் கடல். அதை அடைத்துவிட்டால் துணைப்படை வராது, தப்பிச் செல்லவும் வழியிராது. கடல் நடுவே ஓடுதளத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, நாள்தோறும் அவ்வாயிலைக் காத்தது விக்ராந்த். டாக்கா விமானத் தளத்தை இந்திய விமானப்படை முதற் சில நாள்களிலேயே முடக்கிவிட்டதால், வானில் அதற்கு வலுவான எதிரி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் முடியுந் தறுவாயில், டிசம்பர் 15 வாக்கில், அதே கடலுக்கு இன்னொரு விமானந்தாங்கி வந்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ்; அணுவிசையால் ஓடுவது; எடையில் விக்ராந்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அமெரிக்கக் குடிமக்களை மீட்கவே வருவதாகச் சொன்னார்கள். இந்தியாவையும் சோவியத் நாட்டையும் அச்சுறுத்தவே நிக்சனும் கிஸ்ஸிங்கரும் அதை ஏவினர் என்பதைப் பின்னாளில் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன. டிசம்பர் 16 அன்று டாக்காவில் ஜெனரல் நியாசி சரணடைந்தார். எண்டர்பிரைஸ் ஒரு குண்டும் வீசவில்லை. ஆயினும் அதன் வருகையைத் தில்லி எளிதில் மறக்கவில்லை. அமெரிக்கா மீதான ஐயத்துக்குச் சான்றாக அது பல்லாண்டுகள் எடுத்துக்காட்டப்பட்டது.

விக்ராந்த் 1997-இல் ஓய்வுபெற்று, 2014-இல் மும்பையில் உடைக்கப்பட்டது. காஜி இன்னும் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது.