வட்ட ரம்பத்தால் விரல் துண்டானால்

வட்ட ரம்பத்தின் காப்பு மூடியைக் கம்பியால் கட்டி விலக்கி வைத்து மரம் அறுக்காதீர்கள். விசையை நிறுத்திய பின்னும் பிளேடு சில நொடிகள் சுழலும். பிளேடை மாற்றும் முன் மின்செருகியைக் கழற்றிவிடவும். மழுங்கிய பிளேடு மரத்தில் சிக்கி, இயந்திரம் உங்களை நோக்கித் துள்ளக்கூடும்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108 எண்ணை அழையுங்கள். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுக மூடி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்கவும். பனிக்கட்டி விரலை நேரடியாகத் தொட்டால் திசுக்கள் உறைந்து சிதையும். சிதைந்த துண்டையும் வீசிவிடாதீர்கள். பொருத்த இயலுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், காயமடைந்தவருக்கு உணவோ நீரோ தர வேண்டாம்.