காணாமற்போன குமிழ்: கல்கத்தா வானொலிப் பெட்டிகளின் ஒரு சிறு வரலாறு

சால்ட் லேக் வீடுகளில் காணப்படும் 1950களின் வால்வு வானொலிப் பெட்டிகள் அந்த மண்ணில் முதன்முதலாக ஒலித்தவை அல்ல. ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொணர்ந்து அந்தச் சதுப்பை மேடாக்கும் பணியே 1962இல்தான் தொடங்கிற்று. பெட்டிகள் வேறு வீடுகளில் வாழ்ந்தபின் அங்குக் குடிபெயர்ந்தவை. பல, பழைய கல்கத்தாவிலிருந்து வந்தவை. பெட்டியைப் புதுப்பிப்போரை முதலில் திகைக்கவைக்கும் கேள்விக்கு இந்தக் குடிபெயர்வோடு தொடர்புண்டு: தொலைந்த குமிழுக்கு ஈடாக எதைப் பொருத்துவது?

பெட்டியில் மனிதக் கை ஓயாமல் தொடும் உறுப்பு குமிழ்தான். ஆகவே முதலில் உடைவதும் அதுவே. 1931இல் தொடங்கிய ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சியை மகாளய விடியலில் கேட்பதற்காகவே ஆண்டுதோறும் பழைய பெட்டிகள் பழுதுபார்ப்போரிடம் போவது அந்நகரின் வழக்கம். அதிகாலை 4 மணிக்குள் பெட்டி பாட வேண்டும் என்ற அவசரத்தில், கைக்குக் கிடைத்த குமிழ் ஏறிவிடும். இன்று ஒரே பெட்டியில் மூன்று வகைக் குமிழ்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலத்துக்கு ஒத்த குமிழைக் கண்டறிய முதற்சான்று பொருள். பேக்கலைட் பெரும்பாலும் கரும்பழுப்பு அல்லது கறுப்பு. வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் கார்பாலிக் நெடி எழும். தந்த நிறக் குமிழ் பெரும்பாலும் யூரியா பிசினால் ஆனது. இரண்டாம் சான்று துளை. பிரித்தானிய மரபில் தண்டின் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், ஐரோப்பியக் கண்ட மரபில் 6 மில்லிமீட்டர். கால் அங்குலக் குமிழ் 6 மில்லிமீட்டர் தண்டில் ஆடும். மறுதலையாகப் பொருத்த முயன்றால் ஏறவே ஏறாது. பிரித்தானிய, டச்சு நிறுவனங்கள் இரண்டும் போட்டியிட்ட சந்தையில் இந்த 0.35 மில்லிமீட்டர், பெட்டியின் வமிசத்தையே காட்டிக்கொடுக்கக்கூடும்.

ஆயினும் முதன்மையான சான்று மின்சாரம். கல்கத்தாவுக்கு 1899இல் எமாம்பாக் லேன் மின்நிலையத்திலிருந்து கிடைத்தது டி.சி. மின்னோட்டம், நகரின் நடுப்பகுதிகள் சிலவற்றில் அது விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. டி.சி.யில் மின்மாற்றி இயங்காது. எனவே மின்மாற்றியே இல்லாத, ஏ.சி., டி.சி. இரண்டிலும் பாடும் பெட்டிகள் தேவைப்பட்டன; பிலிப்ஸ் மாதிரி எண்களில் ‘யூ’ என்ற எழுத்து அவ்வகையைக் குறிக்கும். இவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டம் வீட்டு மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டத்திலும், அதிலிருந்து வெளியே நீளும் தண்டிலும் முழு மின்னழுத்தம் பாயலாம். கேட்பவரின் விரலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே நிற்பது குமிழ் ஒன்றே. அதனால்தான் இறுக்கும் திருகாணியை ஆழப் புதைத்து, மேலே மெழுகு இட்டு மூடினர். அழகுக்காக உலோகக் குமிழைப் பொருத்துவதோ, திருகாணி வெளியே தெரிய விடுவதோ இங்கே ரசனைப் பிழை அன்று, உயிராபத்து.

உருவாக்கியவரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. 1930இல் கல்கத்தாவில் கால்பதித்த பிலிப்ஸ், 1948இல் அங்கே வானொலி உற்பத்தியைத் தொடங்கியது. சால்ட் லேக்கிலேயே அது நடத்திய தொலைக்காட்சித் தொழிற்சாலை, நூற்றாண்டு முடியும் தறுவாயில் வீடியோகான் குழுமத்துக்குக் கைமாறியது. எஞ்சியவை சாந்தினிச் சந்தையின் பழம்பொருள் குவியலும், பிழைத்திருக்கும் ஒரு குமிழிலிருந்து சிலிகோன் அச்செடுத்துப் பிசின் வார்க்கும் முறையும்தான்.

இவ்விடத்தில் பதிப்பியல் நினைவுக்கு வருவது இயல்பு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்புகள் அந்த எண்களை வெற்றிடமாகவே வைத்துள்ளன, எவரும் புதிதாகப் பாடிச் சேர்க்கவில்லை. வானொலிக்கு அந்தச் சலுகை இல்லை; வெறுந்தண்டு கையைச் சுடும். ஆகவே வார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வார்த்த குமிழின் உட்புறத்தில் ஆண்டைக் கீறி வைக்கலாம். கழற்றிய பொருந்தாக் குமிழையும் எறியாமல், ஒரு துணிப்பையில் இட்டுப் பெட்டிக்குள்ளேயே, சூடேறும் வால்வுகளுக்கு எட்டாத மூலையில் கட்டி வைக்கலாம். ஏதோ ஒரு மகாளயத்துக்கு முந்தைய இரவில் ஏறிய குமிழ் அது.