ரூப்குண்ட்: வகுப்பில் சொன்னதற்கு ஒரு திருத்தம்

ரூப்குண்ட் ஏரிக்குக் கூடாரத்தோடு போக ஆசை என்று நம் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஓர் உறுத்தல்.

உத்தராகண்டில், திரிசூல் மலைச்சரிவில், சுமார் 16,000 அடி உயரத்தில் உள்ள சின்னஞ்சிறு ஏரி அது. 1942-இல் வனச்சரகர் ஹரி கிஷன் மத்வால் அங்கே மனித எலும்புகளைக் குவியலாகக் கண்டார். அவர்கள் யாத்திரிகர்கள், 9-ஆம் நூற்றாண்டில் ஒரே ஆலங்கட்டி மழையில் மாண்டவர்கள் என்று உங்களுக்கு அடித்துச் சொன்னேன். 2004-இல் போன ஆய்வுக்குழுவின் கருத்து அது.

2019-இல் 38 பேரின் மரபணு ஆய்வு வெளிவந்தது. 23 பேர் நம் துணைக்கண்டத்தார். அவர்களும் ஒரே நாளில் இறக்கவில்லை. 14 பேர் கிரீஸ், கிரீட் பக்கத்து மக்களைப் போன்றவர்கள், இறந்தது சுமார் 1800-இல்! ஒருவர் தென்கிழக்காசியர். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் குளிருக்கு எதற்கு வந்தார்கள்? இன்றும் விடையில்லை.

மலையேறிகள் பெத்னி புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கி, பகுவாபாசா வழியாக ஏரிக்குப் போவது வழக்கமாக இருந்தது. திரும்பும்போது எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இறந்தவன் எலும்பு என்ன, பொருட்காட்சிப் பொம்மையா? புல்வெளிகளும் நாசமாயின. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அங்கே இரவு தங்கத் தடை விதித்தது. ஆகவே தம்பி, கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்.

பழைய வரலாற்று நோட்டு யாரிடமாவது இருந்தால், அந்த ஆலங்கட்டி வரியை அடித்துவிடுங்கள்.