கூட்டம் வருவதற்கு முன்பே ஆடியவர்

ஜப்பான் ஃபுட்பால்னு சொன்னா நமக்கு நகாதா பேர்தான் ஞாபகம் வரும். நான் இன்னிக்குச் சொல்லப்போறது யசுஹிகோ ஒகுதேரா பற்றி.

ஃபுருகாவா எலக்ட்ரிக் கம்பெனி டீமில் ஆடிக்கிட்டிருந்தவர். 1977-ல ஜெர்மனியின் கொலோன் கிளப்புக்குப் போனார். பன்டெஸ்லிகாவில் ஆடிய முதல் ஜப்பானியர். அந்த சீசனிலேயே கொலோன் லீக், கோப்பை ரெண்டையும் ஜெயிச்சது. 1979 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் மாற்று வீரரா இறங்கி கோல் அடிச்சார். மேட்ச் 3-3.

ஆனா ஜப்பானில் ஜே லீக் தொடங்கினதே 1993-லதான். அவர் ஓய்வு பெற்றது 1988-ல! 1996-ல, ஜெஃப் யுனைடெட்னு பேர் மாறியிருந்த தன் பழைய டீமுக்கே மேனேஜரா வந்தார். 1998-ல நகாதா இத்தாலிக்குப் போனப்போ, ஜப்பான் ரசிகர்களும் பின்னாடியே விமானம் ஏறினாங்க.

என்னைக் கேட்டா, புகழுக்குத் திறமை மட்டும் போதாது. பார்க்க ஒரு கூட்டமும் வேணும். ஒகுதேரா அந்தக் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே ஆடி முடிச்சிட்டார்.