கிள்ளான் தோட்டக் குழந்தைகளும் மண்ணீரல் கணக்கும்

சுங்கை வே முதலிய கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரங்களில் தோட்டங்கள் மறைந்து தொழிற்பேட்டைகள் எழுந்துவிட்டன. தோட்டத் தமிழர் வரலாற்றைக் கங்காணி, கூலி, கடன் என்னும் சொற்களாலேயே எழுதி வந்துள்ளோம். குழந்தைகளின் உடல்நிலையும் வரலாற்றுச் சான்றே என்பதை ஈண்டுச் சுட்ட விழைகிறோம்.

1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், பின்னர்த் தோட்டந்தோறும் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியோரைக் கணக்கெடுத்தார். வடிகால் வெட்டித் திருத்திய சமநிலத் தோட்டங்களில் அத்தகையோர் குறைந்தும், குன்றை ஒட்டிய தோட்டங்களில் மிகுந்தும் காணப்பட்டனர். ஒரே மாவட்டத்தில், ஒரே வேலை செய்த தொழிலாளரின் பிள்ளைகளிடையே இவ்வேறுபாடு நிலவியது. எனவே, நோயின் பழியைத் தொழிலாளர் பழக்கவழக்கத்தின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது.

இம்முடிவுகளை அவர் 1911இல் நூலாக்கினார். மருத்துவர்க்கும் தோட்ட நிருவாகத்தினர்க்கும் அது வழிகாட்டிற்று. ஆயினும், ஆங்கிலத்தில் அமைந்த அந்நூல் அக்குழந்தைகளின் தாய்மாரை நோக்கி எழுதப்பட்டதன்று.

கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர் என 2018இல் வெளிவந்த யுனிசெஃப் ஆய்வு காட்டியது. இத்தகைய முடிவுகள் மருத்துவரிடமும் தாதியரிடமும் சேர்வதோடு, தாய்மார் அறிந்த மொழியிலும் சென்று சேர்தல் வேண்டும். அப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பது எம் துணிபு.