கல் அடுக்கும் கைகள்

வேலி எதற்கு? பயிரை மாடு மேயாதிருக்க. மேய மாடே இல்லாத இடத்தில் வேலி எதற்கு? இந்த எளிய வினா ஒரு கவிதையாயிற்று. அந்தக் கவிதையின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து கல் மலிந்த நிலம். பனியூழியில் நகர்ந்த பனிப்பாறைகள் விட்டுச் சென்ற கற்கள் அவை. காடு திருத்திய உழவர் அவற்றைப் பொறுக்கி எல்லையோரம் அடுக்கினர். சாந்து பூசாத சுவர்கள் எழுந்தன. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருக்கும், தரை மேலெழும், கல் சரியும். இளவேனிலில் அதைச் செப்பனிடுவது வழக்கம்.

நியூ ஹாம்ப்ஷயரின் டெரி என்னும் ஊரில் பண்ணை நடத்திய ராபர்ட் ஃபிராஸ்ட் இதைப் பாடினார். 'மெண்டிங் வால்' என்னும் அப்பாட்டு 1914-இல் இலண்டனில் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது.

ஒருவன் பக்கம் ஆப்பிள் மரங்கள். அயலான் பக்கம் பைன் மரங்கள். மரம் எல்லை தாண்டுமா என்று அவன் நகைக்கிறான். அயலானோ தந்தை சொன்ன பழமொழியையே விடையாகத் தருகிறான். ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. அப்பன் சொன்னான், அது போதும்!

ஆனால் செப்பனிட அழைத்தவன் யார்? சுவரை வெறுக்கும் அவனேதான்! 'எதை உள்ளே அடைக்கிறோம், எதை வெளியே தடுக்கிறோம்?' என்னும் பெருவினா அவன் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. உள்ளம் ஏங்குகிறது, கை கல் அடுக்குகிறது.

1961 ஆகஸ்ட் 13-இல் பெர்லின் நகரம் முள்வேலியால் பிளக்கப்பட்டது. வேலி பின்னர்ச் சுவராயிற்று. தம் மக்கள் வெளியேறுவதைத் தடுக்க அதை எழுப்பிய கிழக்கு ஜெர்மனி ஆட்சியினர், பாசிசத்தை எதிர்க்கும் பாதுகாப்பு அரண் என்று அதற்குப் பெயர் சூட்டினர். அடைப்புக்கு அரண் என்று பெயர்! மறு ஆண்டே, 88 வயது ஃபிராஸ்ட் சோவியத் நாடு சென்று, மாஸ்கோவில் இதே பாட்டைப் படித்தார். கேட்டோர் நெஞ்சில் பெர்லின் தோன்றாதிருக்குமா? 1963 சனவரியில் அவர் மறைந்தார். சுவர் நின்றது.

அது வீழ்ந்தது எப்போது? 1989 அக்டோபர் 9-இல் லைப்சிக் நகர வீதியில் ஏறத்தாழ 70,000 பேர் அச்சம் துறந்து அணிவகுத்தனர். ஒரு திங்கள் சென்றது. நவம்பர் 9-இல் பெர்லின் எல்லை திறந்தது. காரணங்கள் பல கூடின. அவற்றுள் தலையாயது, நெஞ்சுக்குள் கிடந்த வினா வீதிக்கு வந்ததே.

தோழர்களே! பாட்டில் ஏங்கியவன் நல்லவன். ஆயினும் அந்தச் சுவர் அவன் கையாலும் நின்றது. ஏக்கம் எந்தச் சுவரையும் சாய்த்ததில்லை. ஏன் என்று உரக்கக் கேட்போம். அதற்கு முன், நம் கையிலுள்ள கல்லைக் கீழே வைப்போம்.