பாடத்திட்டத்தில் இல்லாத ஆசிரியைகள்

சேலத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டேன். பொருள், நிலைமாறுகால நீதி. போர், சர்வாதிகாரம், அரச வன்முறை ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு சமூகம் எப்படி நீதி தேடுவது, அதில் உதவுகிறவர்கள் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்றுநர் பலகையில் நான்கு கட்டங்கள் போட்டார்: உண்மை, தண்டனை, இழப்பீடு, மீண்டும் நிகழாமை. உதாரணங்கள் அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, ருவாண்டா என்று போயின. கடைசியாக இலங்கையில் 2016இல் அமைக்கப்பட்ட கலந்தாலோசனைச் செயலணி. அது ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகளைத் திரட்டிய விதம்.

அதே ஊரில்தான் சேலம் மத்திய சிறை இருக்கிறது. 1992இல் வாச்சாத்திப் பெண்களை அடைத்துவைத்த சிறை. இரண்டு நாளும் வாச்சாத்தி என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என் பங்குக் கடனாக இதை எழுதுகிறேன்.

வாச்சாத்தி, சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் பக்கம் உள்ள மலையாளிப் பழங்குடியினர் ஊர். தருமபுரி மாவட்டமே 1965 வரை சேலத்தோடு இருந்ததுதான். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 13 வயதுச் சிறுமி. வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பிறகு அந்தப் பெண்கள் மீதே வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தைகளும் கூடவே போயின.

பலகையிலிருந்த முதல் கட்டம் உண்மை. வாச்சாத்தியில் அது தானாக வெளிவரவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குப் போனார்கள். ஜனநாயக மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் போன்றவர்கள் பெண்களின் அருகில் உட்கார்ந்து கேட்டார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். கேட்கப் போன பெண்கள் யாரும் இதற்கென்று சான்றிதழ் வாங்கியவர்கள் இல்லை. ஒரு பெண் எப்போது பேசுவாள், யார் எதிரில் பேசமாட்டாள், எந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்காமல் விட வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது கட்டம் தண்டனை. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சங்கத்தாரிடம் சொன்னதை ஆணையத்திடமும், சி.பி.ஐ.யிடமும், பிறகு நீதிமன்றத்திலும் அதே பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில், தங்களைச் சிதைத்தவர்களின் முகத்துக்கு நேரே நின்று கை காட்டினார்கள். காட்டை நம்பிப் பிழைக்கிற பெண் வனத்துறை ஆளைக் கை காட்டிவிட்டு மறுநாள் எந்தக் காட்டுக்கு விறகெடுக்கப் போவாள்? சாட்சிப் பாதுகாப்பு என்று வகுப்பில் ஒரு தலைப்பு இருந்தது. இந்தக் கேள்வி அதில் இல்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள்; அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், வேலை அல்லது சுயதொழிலுக்கு வழி செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டார். இடையில் 31 ஆண்டுகள். 13 வயதுச் சிறுமிக்கு அப்போது 44 வயது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படை நடத்திய சித்திரவதைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. மாதேஸ்வரன் மலையில் இருந்த சித்திரவதைக் கூடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. தண்டனை என்ற கட்டம் காலியாகவே நின்றது. எங்கள் வகுப்பின் பேனரிலும் 'ஒர்க் ஷாப்' என்றுதான் எழுதியிருந்தது. இந்தப் பக்கத்து மலைகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பது பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்சிமுறையே மாறிய நாடுகளுக்குத்தான் நிலைமாறுகால நீதி பொருந்தும், தேர்தல் நடக்கிற நாட்டில் வழக்கமான நீதிமன்றம் போதும் என்பார்கள். வாச்சாத்தியில் வந்து நின்றதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் சீருடைதான். ஊரே அரசுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தபோது வழக்கமான நீதிமன்றத்துக்கு 19 ஆண்டுகள் பிடித்தன. அத்தனை காலமும் வழக்கைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பெண்களின் சாட்சியம். அவர்களோடு பஸ் ஏறிப் போய்வந்த சங்கங்களின் உழைப்பு. அரசு வன்முறைக்குப் பிந்தைய நீதி என்ற பாடத்தில் இது இடம்பெறாவிட்டால் வேறு எது இடம்பெறும்?

அடுத்த பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை முதல் வகுப்பை வாச்சாத்தியிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லப்போகிறேன். அந்தப் பெண்களை மேடையேற்றி, மறுபடியும் அந்த நாளைச் சொல்லச் சொல்வதற்காக அல்ல. அதைப் போதுமான தடவை சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் வந்து கேட்டபோது எது உதவியாக இருந்தது, எது வலித்தது என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவோடு, பயிற்றுநருக்குத் தரும் அதே சம்பளமும் தர வேண்டும்.